கல்லுக்கட்டியில் மூன்று தள மளிகைக் கடை: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

கல்லுக்கட்டிப் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் மூன்று தள மளிகைக் கடைக்கு என் ஆத்தாவை அழைத்துச் சென்று மாதச் சாமான் முழுவதையும் அங்கேயே வாங்கி வந்தேன். கண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். போய் வந்த மற்றவர்களும் எழுத வேண்டுகிறேன். நம் பக்கத்து ஊர்களில் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடுகளில் இன்று பெரும்பாலும் முதியவர்கள் இருவரோ ஒருவரோதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். ஆகவே, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் துணையில்லாமல் போய்த் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்ப முடியுமா என்பதை வைத்துத்தான் இந்த ஊரில் ஒரு மளிகைக் கடையை நான் மதிப்பிடுவேன்.

தரைத்தளத்தில் காய்கறி, பழம், பால், ரொட்டி, பிஸ்கட் வகைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாச் சாமான்கள் முதல் தளத்தில். பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், சோப்பு, துடைப்பம் போன்றவை இரண்டாம் தளத்தில். பணம் கட்டும் இடம் மறுபடியும் தரைத்தளத்தில். எல்லா வீட்டுக்கும் கட்டாயம் வேண்டிய அரிசியையும் பருப்பையும் வாசலிலிருந்து தள்ளி வைப்பது பெருங்கடைகள் உலகெங்கும் கையாளும் முறைதான். அவற்றைத் தேடிப் போகிறவர் வழியிலிருக்கும் மற்ற அடுக்குகளையும் பார்த்துக்கொண்டே போவார், பட்டியலில் இல்லாததையும் எடுப்பார் என்பது கணக்கு. ஒரே தளத்தில் உள்ள கடையில் அது கூடுதலாக நாற்பது அடி நடப்பதோடு முடிந்துவிடும். மாடிக் கடையிலோ மூட்டுவலிக்காரருக்கு அதுவே ஏறுவதா வேண்டாமா என்ற கேள்வியாகிவிடுகிறது.

மின்தூக்கி இருக்கிறது. சாமான் வண்டியோடு இருவர் நின்றால் அது நிறைந்துவிடுகிறது. நாங்கள் போனது மாதத் தொடக்கம் என்பதால் அதன் முன்னே வரிசை நின்றது. உட்கார இடம் எதுவும் இல்லாததால் ஆத்தா சுவரில் சாய்ந்தபடியே காத்திருந்தார்கள். அதைக் கவனித்த ஊழியர் பையன் ஒருவன் தானாகவே வந்து, "ஆச்சி, நீங்க ஏற வேண்டாம், சிட்டையைக் குடுங்க, நான் எடுத்தாறேன்" என்று சொன்னான். அந்தப் பிள்ளையின் அன்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஆத்தா சிட்டையைக் கொடுக்கவில்லை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசி வாங்க வேண்டியிருந்தது. ஆழாக்கில் அரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்தைக் குவித்து அளக்கும் அந்தப் பக்குவம், அரிசி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் சரியாக வரும். அதை நேரில் பார்க்காமல் பிறர் கையால் வாங்க அவர்களுக்கு மனமில்லை. மேலே போனபோது அரிசி முழுவதும் ஒட்டிய பைகளில்தான் இருந்தது; உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கவோ, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கவோ வழியில்லை.

குறையை மட்டும் சொல்வது முறையாகாது. கடை வெளிச்சமாகவும் துப்புரவாகவும் இருக்கிறது. பொட்டலங்களில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்குக் குறைவாகவே பெரும்பாலான பொருள்களைத் தருகிறார்கள். தாங்களே கட்டி வைக்கும் பருப்புப் பொட்டலங்களில் எடை, கட்டிய நாள், விலை, புகார் தெரிவிக்க வேண்டிய எண் எல்லாம் தெளிவாக இருந்தன. பொட்டலத்தின் மீது அலகு விலை என்று ஒன்று அச்சாகியிருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலமானால் ஒரு கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டதானால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று அது சொல்லும். இருநூறு கிராம் பொட்டலம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 45 காசு. அதே பொருள் அரைக் கிலோ 240 ரூபாய் என்றால் கிராமுக்கு 48 காசு ஆகிவிடும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பி எடுப்பவர்கள் அந்தச் சிறிய எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் எந்தக் கடையிலாவது வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் மசாலாச் சாமான் அடுக்கில்தான். கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவை நம் சமையலின் உயிர். குழம்புக்கு ஒரு சிட்டிகையும் இரண்டு மொக்கும்தான் வேண்டும். அங்கே கல்பாசி ஐம்பது கிராம் உறையில் மட்டுமே கிடைக்கிறது. தனியாக இருக்கும் முதியவர் அவ்வளவையும் வாங்கி வைத்தால் தீர்வதற்குள் மணம் போய்விடும். பழைய கடைகளில் பத்து ரூபாய்க்குக் கேட்டாலும் டப்பாவைத் திறந்து, மூக்கருகே கொண்டுவந்து காட்டி, தாளில் மடித்துத் தருவார்கள்.

காரைக்குடி, மளிகைக் கடை வைத்திருப்பவர்:

எங்கள் கடை என் தகப்பனார் காலத்தது. புதிய கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பொறாமையால் எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நானும் உள்ளே போய் மூன்று தளத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விலையில் அவர்களோடு என்னால் எல்லாப் பொருளிலும் போட்டியிட முடியாது. சோப்பு, பற்பசை, டீத்தூள், பிஸ்கட் போன்ற நிறுவனப் பொருள்களை அவர்கள் லாரிக் கணக்கில் நேராக எடுக்கிறார்கள். எனக்கு விநியோகஸ்தர் தரும் விலையை விடக் குறைவாக அவர்கள் விற்கும் பொருள்களும் உண்டு. ஆனால் சில்லறைப் பருப்பிலும் தானியத்திலும் நிலைமை வேறு. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே கட்டி விவரச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு இருபத்தைந்து கிலோ வரை 5 சதவீதம் சரக்கு சேவை வரி உண்டு. மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் சரக்குக்கு அந்த வரி இல்லை. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் திடீரென்று இருபத்தாறு கிலோவாக மாறியது ஏன் என்று வாடிக்கையாளர்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டத்தான். ஆகவே துவரம்பருப்பும் உளுந்தும் சில்லறையாக வாங்குகிறவர் இரண்டு இடத்திலும் விலை கேட்டுப் பார்த்து வாங்கினால் நல்லது. தராசில் அந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்று என் கடையிலும் பாருங்கள், அவர்கள் கடையிலும் பாருங்கள். பார்ப்பதை நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பற்று வரவு நோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அறுப்பு முடிந்து கணக்கைத் தீர்க்கிற குடும்பங்கள் என் நோட்டில் இன்னும் இருக்கின்றன. ஓய்வூதியம் வரத் தாமதமாகும் மாதத்தில் அடுத்த மாதம் தருவதாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். துக்க வீடு என்றால் நள்ளிரவிலும் ஷட்டரைத் தூக்குகிறோம். அந்த நேரத்தில் பணத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். புதிய கடையின் கணிப்பொறியில் இதற்கு இடமில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவர் அங்கே முதலாளி அல்லர், அவருக்கு வாடிக்கையாளரைத் தெரியவும் தெரியாது. மாதச் சாமான் முழுவதையும் பெரிய கடையில் வாங்கிவிட்டு, அவசரத்துக்கும் கடனுக்கும் மட்டும் எங்களிடம் வந்தால் எங்களால் நெடுநாள் தாங்க முடியாது. இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் பள்ளத்தூர்:

ஐயாவும் அப்பத்தாவும் ஊரில் தனியாக இருக்கிறார்கள். புதிய கடையில் தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்று கேள்விப்பட்டு இங்கிருந்தே அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் நகர எல்லைக்குள் மட்டுமே கொண்டு தருவோம், பள்ளத்தூருக்கு வர இயலாது என்றார்கள். எங்களுக்கு வழக்கமாகச் சாமான் தரும் சிறிய கடைக்காரர் இன்றும் சிட்டையைப் படமெடுத்து அனுப்பினால் போதும், மூட்டை கட்டிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, எந்த வண்டி என்பதையும் ஐயாவுக்குச் சொல்லிவிடுகிறார். நான் இங்கிருந்தபடியே அவருக்குப் பணம் அனுப்பிவிடுகிறேன். தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு, மாடிகளின் எண்ணிக்கையை விட இது பெரிய வசதி.

கோட்டையூரிலிருந்து:

இதே போன்ற பல தளக் கடை ஒன்றில், வேறோர் ஊரில், நான் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்திருக்கிறேன். வாங்க வருகிறவர்களின் அனுபவத்தோடு, உள்ளே நிற்கிறவர்களின் அனுபவத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு ஒதுக்கப்பட்டது மேல் தளத்திலிருந்த பாத்திரப் பகுதி. பிற்பகலில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. ஆனாலும் உட்காரக் கூடாது. சாய்ந்து நின்றாலும் மேற்பார்வையாளர் அழைத்துக் கண்டிப்பார். பண்டிகைக் காலத்தில் இரவு வீட்டுக்குப் போனால் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஊழியர்கள் மின்தூக்கியில் ஏறுவதற்கும் தடை இருந்தது. சாப்பிடக் கீழே இறங்கிப் போய் மறுபடி ஏறி வருவதற்குள் கொடுத்த நேரத்தில் பாதி போய்விடும். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று ஆக்கியது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-இல், அப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. எங்கள் கடையில் அந்தச் சட்டம் வந்த செய்தியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆகவே காரைக்குடிக் கடைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேல் தளங்களில் நிற்கும் பிள்ளைகளுக்கு முக்காலியாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் சோம்பல் என்று எண்ணி முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள் கேட்டதை எழுந்து வந்து எடுத்துத் தருவார்கள். இருக்கை இல்லையென்றால் மேலாளரிடம் கேளுங்கள். ஊழியர் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அந்தப் பயம் இல்லை.

தேவகோட்டையிலிருந்து:

தங்கை கல்யாணச் சாமானுக்காகப் போனோம். பாத்திரமும் மளிகையும் ஒரே கூரையின் கீழ் கிடைத்ததால் ஒரே நாளில் வேலை முடிந்தது. சமையற்காரர் கொடுத்த சிட்டையில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ராமநாதபுரம் குண்டு மிளகாய் வேண்டும் என்று சமையற்காரர் தெளிவாக எழுதியிருந்தார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது; நம் மாவட்டத்தை ஒட்டியே விளைகிறது. அங்கே இருந்ததோ நீட்டு மிளகாயும் பொட்டலத்தில் அடைத்த தூளும்தான். பிள்ளையார் நோன்புக்கு நெல்பொரி வருமா என்று அம்மா விசாரித்தார்கள். ஊழியருக்கு நோன்பைப் பற்றியே தெரியவில்லை. வெளியூரில் கொள்முதல் செய்து அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் கடை திறக்கிறவர்கள் நம் நோன்பையும் நம் மிளகாயையும் அறிந்து சரக்குப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை.

மீண்டும் காரைக்குடியிலிருந்து:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. கோட்டையூர்ச் சகோதரியின் பதிவைப் படித்தபின் மறுபடி கடைக்குப் போய் மேலாளரைப் பார்த்தேன். இளைஞர், பொறுமையாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றிலும் அதிகம் விற்கும் வகைகளை மட்டுமாவது தரைத்தளத்தில் ஓர் அடுக்கில் வைக்க வேண்டும். மின்தூக்கிக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் அருகே நாற்காலி போட வேண்டும். மசாலாச் சாமானைச் சில்லறையாக நிறுத்துத் தர வேண்டும். மேல் தள ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று சொன்னேன். குண்டு மிளகாயையும் நெல்பொரியையும் சேர்த்துச் சொன்னேன். அடுக்கை மாற்றுவதும் சரக்கு எடுப்பதும் தலைமை அலுவலகத்தின் முடிவு என்றும், நாற்காலியைத் தாமே ஏற்பாடு செய்ய முடியும் என்றும் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது மின்தூக்கி அருகே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. முதல் தளத்தில் ஒரு முக்காலியும் இருந்தது. இரண்டாம் தளத்தில் இன்னும் இல்லை. அதை மறுபடியும் அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது சோப்பு, டீத்தூள், எண்ணெய் ஆகியவற்றைப் புதிய கடையிலும், அரிசி, பருப்பு, மசாலாச் சாமான் முழுவதையும் பழைய கடையிலும் வாங்குகிறோம். பழைய கடைக்கு ஆத்தா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு தனியாகவே நடந்து போய் வருகிறார்கள். புதிய கடைக்கு நான் உடன் போக வேண்டியிருக்கிறது. அரிசி அடுக்கு கீழே வந்தால் இங்கே எழுதுகிறேன். யாராவது எனக்கு முன்பே பார்த்தால் அவர்களும் எழுதுங்கள்.