சூரிய நமஸ்காரம் ஆறாவது நிலையில் மூச்சு முட்டுகிறது, எது சரி?

சாயங்கால வகுப்பு:
எங்கள் வகுப்பில் 12 நிலை சூரிய நமஸ்காரம். கையைத் தூக்கும்போது இழு, குனியும்போது விடு, அதுவரை பிரச்சினை இல்லை. ஆறாவதில், அதாவது முட்டி, மார்பு, தாடை எல்லாம் தரையைத் தொடும் இடத்தில், மூச்சை வெளியே விட்டபடியே நிறுத்தச் சொல்கிறார் மாஸ்டர். இரண்டு மூன்று சுற்று போனதும் ஏழாவதான புஜங்காசனத்துக்கு, பாம்பு படமெடுப்பது போல, எழும்போது வாயைத் திறந்து இழுக்க வேண்டியிருக்கிறது. யூடியூபில் பார்த்தால் இந்த நிறுத்தமே இல்லை. யார் சொல்வது சரி?

பழைய பாய்:
ரெண்டும் சரிதான், வழி வேறு. உங்கள் மாஸ்டர் சொல்வது பீகார் முங்கேர் ஆசிரம முறை மாதிரி இருக்கிறது. ஐந்தில், இடுப்பை மலை போலத் தூக்கி நிற்கும் பர்வதாசனத்தில் விட்டுவிட்டு, அந்தக் காலி நெஞ்சோடு ஆறில் இறங்கி, ஏழில் இழுப்பது. நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக மைசூர் வழி. 1930களில் அங்கே அரண்மனை யோகசாலையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்தார், அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் அஷ்டாங்க வின்யாசம் என்று உலகமெல்லாம் கொண்டுபோனார். அதில் முதல் வகை நமஸ்காரத்துக்கு 9 வின்யாசம், அதாவது மூச்சோடு சேர்ந்த 9 அசைவு, அசைவுக்கு ஒரு மூச்சு. உடம்பைப் பலகை போலத் தரைக்குச் சற்று மேலே தாங்கும் சதுரங்க தண்டாசனத்துக்கு இறங்கும்போதேதான் வெளிவிடுவார்கள். ஒன்றின் நிலையையும் மற்றதன் மூச்சையும் கலக்காதீர்கள்.

தேவி_கோவை:
முறையை விடுங்க, உங்களுக்கு முட்டுவது ஆறில் இல்லை, ஐந்தில் என்று நினைக்கிறேன். மாஸ்டர் எண்ணும் வேகத்துக்கு அரைகுறையாக இழுத்து அரைகுறையாக விட்டுப் போனால் அடுத்ததில் எப்படி நிற்கும்? நின்றபடி கையை மட்டும் தூக்கிப் பாருங்கள். முதலில் மூச்சு உள்ளே போக ஆரம்பிக்கட்டும், அப்புறம் விரல் தொடையை விட்டுக் கிளம்பட்டும், கை மேலே போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். இறக்கும்போதும் இதே கணக்கு. தொண்டையை லேசாகக் குறுக்கி, வாயை மூடிக்கொண்டு, கண்ணாடியில் ஆவி ஊதுவது போல உஜ்ஜாயி சத்தம் வைத்தால் மூச்சு எங்கே அறுந்தது என்று காதிலேயே தெரிந்துவிடும். குனியும்போது விடச் சொல்வதும் சும்மா இல்லை, வயிறு மடங்கி உதரவிதானம் மேலே தள்ளப்படும் நேரத்தில் இழுப்பதுதான் கஷ்டம்.

ரவி மாமா:
தம்பி, பிரஷர் இருந்தால் இந்த நிறுத்துகிற வேலையே வேண்டாம். விட்டுக்கொண்டே இறங்கிவிடு, மாஸ்டரிடமும் சொல்லிவிடு.

சாயங்கால வகுப்பு:
பிரஷர் இல்லை மாமா. தேவி அக்கா சொன்ன மாதிரி செய்தால் ஐந்தில் ஒரு மூச்சு கூடுதலாகப் போகிறதே, வகுப்போடு பின்தங்கிவிட மாட்டேனா?

தேவி_கோவை:
பின்தங்குங்க, என்ன இப்போ? அவங்க அடுத்த சுற்றுக்குக் கை கூப்பும்போது சேர்ந்துக்கலாம்.