துப்பாக்கியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட் கருவி எதையும் பெரிதாக்குவதே இல்லை. பிறகு ஏன் உரிமம் கேட்கிறார்கள்?

கேள்வி

வணக்கம். ஜெர்மனியில் வேட்டைப் பொருள் விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிறேன். நமீபியாவுக்கு மூன்று பொருள் போக வேண்டும்: 1–8×24 ஸ்கோப் (1 முதல் 8 மடங்கு வரை பெரிதாக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி), 3–18×50 ஸ்கோப், அமெரிக்காவில் செய்த ஒரு ரெட் டாட். ஜெர்மன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் 0001டி குறிப்பைப் படித்தால், உருப்பெருக்கம் 9 மடங்கோ அதற்குக் குறைவோ, மின்னணு படச் செயலாக்கம் இல்லை, ராணுவத்துக்கென வடிவமைத்ததும் இல்லை என்றால் கட்டுப்பாடு இல்லை என்று புரிகிறது. ஆனால் சரக்கு முகவர் ரெட் டாட்டுக்குத்தான் முதலில் உரிமம் கேட்கிறார். பார்சல் இரண்டு வாரமாகக் கிடங்கில் கிடக்கிறது. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1

3–18-க்கு 18-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அது 9-ஐத் தாண்டுகிறது. வேட்டைக்குத்தான் என்பது அங்கே விலக்கு ஆகாது. வேட்டை ரைஃபிள்களும், ஆயுத ஏற்றுமதி பற்றிப் பல நாடுகள் செய்துகொண்ட வாசனார் உடன்பாட்டின் ராணுவப் பட்டியலின் முதல் பிரிவில்தான் வருகின்றன. அதற்கு ஜெர்மனியின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகமான பாஃபாவில் உரிமம் வாங்குங்கள். மற்ற இரண்டையும் தாராளமாக அனுப்பலாம்.

பதில் 2

நண்பரே, அந்தக் கடைசி வரி ஆபத்தானது. 9 மடங்கு என்பது வாசனார் உடன்பாட்டின் வரம்பு. அது சட்டமாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதிக்கொள்கிறது. அமெரிக்கா 2020 மார்ச் 9 முதல் துப்பாக்கிக் குறிக்கருவிகளை வணிகத் துறைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 0ஏ504 என்ற எண்ணில் வைத்திருக்கிறது. அதில் ரெட் டாட்டும் ஹோலோகிராஃபிக் சைட்டும் பெயர் சொல்லியே இருக்கின்றன. உருப்பெருக்க வரம்பு அங்கே இல்லை. அமெரிக்காவில் செய்த பொருள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் விதி அதைப் பின்தொடரும். ஜெர்மனி பட்டியலில் இல்லாவிட்டாலும், மறுஏற்றுமதி உரிமம் தேவையா என்று அமெரிக்க வணிகத் துறையின் நாடுகள் அட்டவணையில் நமீபியா வரியைப் பாருங்கள். உங்கள் முகவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

பதில் 3

எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது ரெட்டிக்கிள்தான், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு. ராணுவத்துக்கெனச் சிறப்பாக வடிவமைத்த ரெட்டிக்கிள் இருந்தால் 9-க்குக் கீழே இருந்தாலும் விலக்கு போய்விடும். புள்ளிகள் வைத்த மில்-டாட் ரெட்டிக்கிள் பிறந்தது ராணுவக் குறிசுடுநர்களுக்காக. இன்றோ விளையாட்டுச் சுடுநர் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். இது இன்னும் ராணுவத்துக்கெனச் சிறப்பாக வடிவமைத்ததா? பட்டியல் வரையறை தரவில்லை. ஒரே மாடலுக்குத் தயாரிப்பாளர் ‘பட்டியலில் இல்லை’ என்று எழுதித் தந்தார், பிரிட்டனில் நான் கேட்ட ஆலோசகர் ‘இருக்கிறது’ என்றார். ஊகிப்பதை விட்டுவிட்டேன். பாஃபாவிடம் பட்டியல் நிலை குறித்த எழுத்துபூர்வ பதில் கேட்கலாம். அமெரிக்கப் பொருளுக்கு முதலில் தயாரிப்பாளரிடம் அதன் பட்டியல் எண்ணைக் கேளுங்கள், தரமாட்டார் என்றால் வணிகத் துறையிடம் வகைப்படுத்தக் கேளுங்கள். ஒளிரும் ரெட்டிக்கிள் பற்றிப் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு எல்இடி அந்தக் குறிக்கோட்டை வெளிச்சமாக்குகிறது, அவ்வளவுதான், படத்தைச் செயலாக்கவில்லை.

கேட்டவர்

ரொம்ப நன்றி. 1–8-இல் இருப்பது பழைய ஜெர்மன் வேட்டை ரெட்டிக்கிள், 4-ஆம் எண். அதற்கு பாஃபா எழுத்தில் பதில் கேட்டுவிட்டேன். 3–18-க்கு உரிம விண்ணப்பம் தனியாகப் போகிறது. ரெட் டாட்டைப் பார்சலிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன், தயாரிப்பாளர் எண்ணோடு பதில் தரும்வரை அது அலமாரியில்தான்.