விளையாடாதவருக்கு ஃபைனல் ஃபேன்டஸி கச்சேரி பிடிக்குமா?

கல்யாணிப்பிரியை: மகன் ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்’ கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்; ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வீடியோ கேம்களின் இசையை ஆர்கெஸ்ட்ரா வாசிக்குமாம். நான் கர்நாடக இசை மட்டும் கேட்டு வளர்ந்தவள். கொட்டாவி விடுவேனா?

கடைசிவரிசை: மாட்டீர்கள் அம்மா. 2007இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய தொடர் இது. அந்த கேம்களின் இசையமைப்பாளர் நோபுவோ உயெமாட்சுவின் மெட்டுகளுக்கு விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே திரையில் காட்சிகள் ஓடும். எனக்கு அது இடைஞ்சல்தான், டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவரைத்தான் பார்ப்பேன். ‘ஒன்-விங்டு ஏஞ்சல்’ என்ற உருப்படி வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ விளையாட்டுக்குள் பதிவுத் துணுக்குகளாக ஒலித்த குரல்கள், மேடையில் லத்தீன் பாடும் முழுக் குழுவாக எழும். நாற்காலி அதிரும்!

நீலத்தோணி: திரையைக் குறை சொல்லாதீர்கள், பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள். அம்மா, அதே விளையாட்டில் இறந்துபோகும் ‘ஏரித்’ என்ற பெண்ணின் மெட்டின்போது மகன் கண்ணைத் துடைத்தால் காரணம் கேட்காதீர்கள்.

கல்யாணிப்பிரியை: சரி. நடுவில் கைதட்டலாமா?

கடைசிவரிசை: ஒவ்வொரு உருப்படியும் முடிந்தபின், தாராளமாக.