தோல் பையில் பூனை மூத்திர வாடை: துடைத்தும் திரும்ப வருகிறது

மாடிப்பூனை:
ஆபீஸ் பை. வெளியே பழுப்பு நிற அசல் தோல், உள்ளே துணி லைனிங், அடியில் விறைப்புக்கு அட்டை. ஆண் பூனை அதன் மேல் உச்சா போய் நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, ஆப்ப சோடா தூவி ஒரு நாள் வைத்ததும் வாடை நின்றது. மழை பெய்ததும் அதே வாடை, அதே வீச்சு. அடி மூலையில் தோல் கறுத்து விறைத்திருக்கிறது. தண்ணீரில் அலசலாமா? டிரை கிளீனிங் கொடுக்கலாமா? வெயிலில் போட்டால் போகுமா?

தோல்பட்டறை:
மூன்றும் வேண்டாம். முழுக்க நனைத்தால் தோலில் ஊறியிருக்கும் எண்ணெய் வெளியேறும், காயும்போது பலகை மாதிரி ஆகிவிடும். வெயில் அதை இன்னும் விரைவாகச் செய்யும். டிரை கிளீனிங் திரவம் பிசுக்கைத்தான் கரைக்கும், மூத்திர உப்பு அதில் கரையாது.

வாடை ஏன் திரும்புகிறது? மூத்திரத்தில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. மூக்கில் சுரீரென்று ஏறுவது அதுதான். வினிகர் அதை அடக்கிவிடும். ஆனால் கூடவே யூரிக் அமிலம் இருக்கிறது. அது தண்ணீரிலேயே சரியாகக் கரையாது, வினிகரில் இன்னும் மோசம். படிகமாக உள்ளே உட்கார்ந்துவிடும். போதாததற்குப் பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த பொருள் உண்டு, ஆண் பூனையில் அதிகம். அது நாளாக நாளாக உடைந்துதான் நாற்றம் கொடுக்கும், அதனால் நான்கு நாள் கறை புதுக் கறையைவிடக் கடுமை. காற்றில் ஈரம் ஏறினால் எல்லாம் மறுபடி கிளம்பும்.

இதற்கு என்சைம் கிளீனர்தான் வழி, அதாவது மூத்திரப் பொருளை உடைக்கும் நொதி கலந்த திரவம். செல்லப்பிராணிக் கடைகளில் 'யூரின் ஓடர் ரிமூவர்' என்று விற்பதில் லேபிளில் என்சைம் அல்லது பாக்டீரியா என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வாசனை ஸ்பிரே பயன்படாது.

ஆனால் முதலில் அட்டையைக் கவனியுங்கள். தையல் ஓட்டை வழியாக இறங்கிய மூத்திரம் முழுவதையும் குடித்து வைத்திருப்பது அதுதான். வெளியே எத்தனை முறை துடைத்தாலும் அது உள்ளிருந்து வாடையை விட்டுக்கொண்டே இருக்கும். பை தைப்பவரிடம் கொடுத்து லைனிங்கின் அடித் தையலைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பிரிக்கச் சொல்லி, அட்டையை உருவித் தூக்கிப் போடுங்கள். அதைக் காப்பாற்ற முயல்வது வீண்.

பிறகு தோலின் ரகம் பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் உருண்டு நின்றால் மேலே பெயின்ட் பூச்சு உள்ள தோல், பயமில்லை. உடனே உள்ளே போய்க் கறுத்தால் பூச்சில்லாத தோல். எப்படி என்று சொல்லுங்கள், அதற்கேற்ப மேலே சொல்கிறேன்.

மாடிப்பூனை:
ஐந்து நொடியில் உள்ளே போய்விட்டது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் நடுவிலும் பழுப்புதான்.

தோல்பட்டறை:
அப்படியானால் பட்டைத் தோலாக இருக்கலாம், அதாவது ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரியான சரக்கில் பதப்படுத்தியது. குரோம் தோலாக (குரோமிய உப்பில் பதப்படுத்தியது) இருந்தால் ஓரத்தின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் தெரியும் (முழுக்கச் சாயம் ஏற்றியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும்). பட்டைத் தோலுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் பட்டால் மை கொட்டியது மாதிரி கறுக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, கறைப் புள்ளியை மட்டும் துடைத்தால் சுற்றிலும் வட்டமாகக் கோடு விழும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் சீராக ஈரமாக்க வேண்டும்.

லைனிங்கை வெளியே இழுத்து, தோல்மேல் படாமல் அடியில் பாலிதீன் விரித்து, என்சைம் திரவத்தைத் தாராளமாக ஊற்றுங்கள். மூத்திரம் எவ்வளவு இறங்கியதோ அதைவிடக் கூடுதலாக ஊற வேண்டும். கால் டம்ளராவது பிடிக்கும். மேலே பாலிதீன் போர்த்தி இரவு முழுக்க விடுங்கள். காய்ந்துவிட்டால் என்சைம் அத்தோடு நின்றுவிடும், பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

தோலுக்கு ஊற்றல் கூடாது. மறைவில் சோதித்து, நிறம் மாறவில்லை என்றால், பழைய வெள்ளைப் பனியனைத் திரவத்தில் நனைத்துச் சொட்டாமல் பிழிந்து, தோலின் உள்புறம் இருபது நிமிடம் ஒட்டி வையுங்கள். சொரசொரப்பான உள்பக்கம்தான் அதிகம் உறிஞ்சியிருக்கும். வெளிப்பக்கம் ஐந்து நிமிடம் போதும். டிஸ்டில்டு வாட்டர் துணியால் இருமுறை ஒற்றி எடுத்து, உள்ளே வெள்ளைத் தாள் திணித்து, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு நாள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மோந்து பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போது வாடை கூடுவது வழக்கம். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு சுற்று.

லேப்_குமிழ்:
எல்லாம் சரி, வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. பையில் இப்போது வினிகரும் சோடாவும் மிச்சம் இருக்கும். இரண்டுமே என்சைமைக் கெடுக்கலாம். முதலில் டிஸ்டில்டு வாட்டரால் ஒற்றி எடுத்து, தையல் ஓட்டையில் சிக்கிய சோடாத் தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி, ஒரு நாள் காயவிட்டு அப்புறம் என்சைம். வெந்நீர் சேர்க்காதீர்கள், என்சைம் வெந்துவிடும்.

ஆப்ப சோடா தோலுக்கு ஆகாது. தோலின் பிஎச் (புளிப்பு, கார அளவு; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. சோடா 8க்கு மேல், சோப்பு 9, 10 வரை போகும். மூலை கறுத்ததற்கும் அம்மோனியாவின் காரத்தன்மை ஒரு காரணம், பட்டைச் சரக்கு காரம் பட்டால் கறுக்கும். அதனால் வினிகரைத் தூக்கிப் போட வேண்டாம், கடைசிக்கு வையுங்கள். என்சைம் வேலை முடிந்து காய்ந்த பிறகு, ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகருக்குப் பத்து ஸ்பூன் டிஸ்டில்டு வாட்டர் கலந்து லேசாக ஒற்றினால் கறுப்பு கொஞ்சம் தெளியலாம். முழுக்கப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதத்தில் வெள்ளை லைனிங்குக்கு மட்டும் ஓகே. தோலில் பட்டால் வெளுக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு வரும், நெஞ்சை அடைக்கும்.

மாடிப்பூனை:
வீட்டில் பாச்சை உருண்டையும் சூடமும் போட்டு மூடி வை என்கிறார்கள். டெட்டால் துடைக்கலாமா? விறைப்புக்குத் தேங்காய் எண்ணெய்?

நாலுகால்நண்பன்:
பூனை உள்ள வீட்டில் பாச்சை உருண்டை, சூடம், டெட்டால், ஃபினாயில் நான்குமே விஷம். பூனையின் ஈரல் ஃபினால் வகைகளைச் சரியாகக் கழிக்காது, பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே போகும். டெட்டால் என்சைம் கிளீனரில் உள்ள பாக்டீரியாவையும் கொன்றுவிடும். மிச்ச வாடைக்கு, துணியில் கட்டிய ஆக்டிவேட்டட் சார்கோல் ஒரு கைப்பிடி போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள்.

இன்னொன்று. மணல் தட்டை விட்டுப் பைமேல் போனது ஏன் என்று பாருங்கள். வாடை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதே இடத்துக்கு வரும். ஆண் பூனை அடிக்கடி முக்கியும் மூத்திரம் வராமல் சொட்டுச் சொட்டாகப் போனால் அடைப்பு, அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பை பிறகு பார்க்கலாம்.

தோல்பட்டறை:
தேங்காய் எண்ணெய் திட்டுத் திட்டாகப் பிடித்துத் தூசியை ஒட்டவைக்கும். லெதர் கண்டிஷனர் க்ரீம் பட்டாணி அளவு, துணியில் எடுத்து அந்தத் துண்டு முழுக்கத் தேய்த்து, ஒரு நாள் விட்டு இன்னொரு முறை. மூலையை விரலால் மெதுவாக வளைத்துக் கொடுத்துக்கொண்டே தேய்த்தால் விறைப்பு தளரும்.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க 365 அல்லது 395 நானோமீட்டர் யுவி டார்ச் இருட்டில் அடியுங்கள், மூத்திரம் பட்ட இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சில நூலும் பசையும் கூட ஒளிரும், ஏமாந்துவிடாதீர்கள்.

லைனிங்கை மூடித் தைப்பது வாடை போனது உறுதியான பின்தான். பழைய அட்டையைத் தூக்கிப் போடும் முன் அதை ஒரு தாளில் வைத்து அளவு வரைந்துகொள்ளுங்கள், புதிதாக வெட்டத் தேவைப்படும். அட்டைக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் கேட்டு வாங்கினால் இன்னொரு தடவை ஊறாது.