‘நான் எதுக்கும் லாயக்கில்ல’: அந்த நினைப்புக்கு முன்னால் என்ன நடந்தது?

கல்லூரி ஆலோசகர், நாகர்கோவில்:
மாணவப் பிள்ளை வாயில் இந்த வார்த்தையைக் கேட்டதும் ஆறுதல் சொல்ல ஓடாதீர்கள். நினைப்பு வருவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். “மெசேஜ பாத்துட்டும் பதில் போடல” என்றால் ஒரு வழி, “அரியர் விழுந்துட்டு” என்றால் வேறு வழி. மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1983இல் பிரித்துக் காட்டியது இதைத்தான்: சிலருக்குத் தன்மதிப்பு பிறர் அன்பில் தொங்குகிறது, சிலருக்குச் சாதனையில். கலந்தும் இருக்கும்.

பிறகு நோட்டில் ஐந்து கட்டம்: நடந்தது, மனதில் ஓடியது, உணர்ச்சி (100க்கு எவ்வளவு), சாட்சி, எதிர்ச்சாட்சி. உதாரணம்: வெள்ளிக்கிழமை, சவுதியிலிருந்து அப்பா கூப்பிடவில்லை. ‘அப்பாவுக்கு நான் பாரமாக்கும்.’ வருத்தம் 80. எதிர்ச்சாட்சி: ‘ஓவர்டைம்னு அம்மாட்ட சொன்னாரு, நேத்து வாய்ஸ் மெசேஜ் போட்டாரு.’ கடைசியில் மறுபடி மதிப்பெண். 80 என்பது 55 ஆனால் போதும். ஒரேயடியாக 0 என்று எழுதினால் சந்தேகப்படுங்கள். அன்புக்கு ஏங்கும் பிள்ளை நோட்டையும் உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதும். இரண்டாம் கட்டத்தில் ‘வருத்தம்’ என்று மட்டும் எழுதினால் திருத்துங்கள். உணர்ச்சி ஒரு சொல், எண்ணம் ஒரு வாக்கியம்.

விடுதிக் காப்பாளர், மார்த்தாண்டம்:
அந்த முதல் வகைப் பிள்ளை, அதாவது அன்புக்கு ஏங்குவது, “எம்மேல கோவமா?” என்று ராத்திரி நாலு தடவை கேட்கும். அறைத்தோழிகள் சலித்து ஒதுங்குவார்கள். “நான் அப்பமே சொன்னேம்லா” என்று அதுவே சாட்சியாகிவிடும். இந்தச் சுழலை உளவியலாளர் ஜேம்ஸ் கோயன் 1976இலேயே எழுதியிருக்கிறார். தோழிகளிடம் சொல்ல வேண்டியது: ஒரு தடவை தெளிவாகப் பதில், அடுத்த தடவை “வா, டீ குடிப்போம்”. பேச்சை அறவே நிறுத்தினால் நிலைமை மோசமாகும். பிள்ளைக்கு: மறுபடி கேட்கத் தோன்றினால் 20 நிமிடம் தள்ளிப்போட்டு, அதற்குள் நோட்டில் எழுதட்டும்.

கணித ஆசிரியர், குலசேகரம்:
சாதனையில் தன்மதிப்பு வைக்கும் இரண்டாம் வகைப் பிள்ளை ஆலோசகர் அறைப் பக்கமே வராது, அதற்கு உதவி கேட்பதே தோல்வி. “மார்க்கா மக்களே பெரிசு?” என்றால் வாய் பூட்டிக்கொள்ளும், ரப்பர் வெட்டி அப்பா கட்டிய ஃபீஸுக்கு முன்னால் அந்த ஆறுதல் நிற்காது. அதற்குப் பதிலாகச் சின்ன வேலை கொடுங்கள்: உதாரணமாக 25 நிமிடம், ஒரே ஒரு கணக்கு. முடியாவிட்டாலும் நேரமானதும் எழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் இன்னொரு பரீட்சை. அளவை நீங்கள் வைக்காமல் அவனே வைக்கட்டும்.

மனநலச் செவிலியர், ஆசாரிப்பள்ளம்:
நோட்டு மருந்துக்கு மாற்றல்ல. பிஹெச்க்யூ-9 என்பது மனச்சோர்வை அளக்கும் வினாத்தாள்: கடந்த 2 வாரத்தைப் பற்றிய 9 கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்; இங்கே மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. ஒன்பதாம் கேள்வி சாவைப் பற்றியது. அதில் 1 விழுந்தாலும் அன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆபத்து தெரிந்தால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ்: 14416, 24 மணி நேரமும்.

இன்னொன்று, ‘இவன் இந்த வகை’ என்று அவசரமாக முத்திரை குத்த வேண்டாம். சோர்வு ஏறியிருக்கும்போது யாரும் ஒட்டிக்கொள்வார்கள், யாரும் தன்னையே திட்டிக்கொள்வார்கள். பிளஸ் டூ படிக்கையில் எப்படி இருந்தான் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.