மறு: ‘நிறமாற்றம்’ என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம் ஐயா,

அச்சுக் குறைகளுக்கான தமிழ்க் கலைச்சொற்கள் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் இது.

> கருப்பு வெள்ளைப் படத்தை இங்க்ஜெட்டில் அச்சிடும்போது வருகிற குறைகளுக்கெல்லாம் ‘நிறமாற்றம்’ என்றே போட்டுவிடலாம். பக்கத்தில் விளக்கம் கொடுத்தால் போயிற்று.

போகாது ஐயா. இவை மூன்று தனித்தனிக் குறைகள்: சாய்த்தால் மினுங்குவது, விளக்கு மாறினால் நிறமடிப்பது, வெளிறிப்போவது. மருந்தும் தனித்தனி. மையை மாற்றுவதா தாளை மாற்றுவதா என்று குழம்பி நிற்பவருக்கு ‘நிறமாற்றம்’ எந்தத் துப்பும் தராது.

போன மாதம் ஓர் எருமையின் படத்தை நிறமி மையில் (நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த மை), பளபளப்புத் தாளில் போட்டேன். மேசையில் வைத்து நேராகப் பார்த்தால் குறையே இல்லை. கையில் எடுத்துச் சற்றுச் சாய்த்ததும், முதுகின் கருமையில் மட்டும் செம்பைத் தேய்த்த மாதிரி ஒரு மினுக்கம். இதுதான் பிரான்சிங். நிறமித் துகள்கள் தாளுக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிடுவதால் வருவது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிதான் இப்படி நிறம் காட்டுகிறது.

பிரான்சிங்கை நேராக மொழிபெயர்த்து முன்பு வந்த ‘வெண்கலமாதல்’ வேண்டாம்; படிப்பவர் பாத்திரத்தைத்தான் நினைப்பார். ‘மயில்கழுத்து’ என்று வைக்க எனக்கு ஆசைதான். சாய்க்கச் சாய்க்க நிறம் காட்டும் பட்டுக்கு அதுதானே பேர்? ஆனால் பட்டில் அது அழகு, இங்கே குறை. ஆகவே ‘சாய்மினுக்கம்’ என்று முன்மொழிகிறேன். சாய்த்துப் பார் என்று சோதனையையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

அடுத்தது, விளக்கை மாற்றினால் தெரிவது; அச்சிடுகிறவர்கள் ‘மெட்டாமெரிசம்’ என்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சுத்தச் சாம்பலாக இருந்த படம் அறை விளக்கின் கீழ் பச்சையடிக்கும், அல்லது மெஜந்தா பக்கம் சாயும். வண்ண மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கினால் இந்தத் தொல்லை அதிகம். கருப்போடு இரண்டு சாம்பல் மைகளும் சேர்ந்து வந்தால் வண்ண மைக்கு வேலை குறையும். எப்சன் 2005இல் கொண்டுவந்த கே3 மைகள் அப்படிப்பட்டவை.

> மெட்டாமெரிசத்தை அப்படியே மொழிபெயர்த்தால் என்ன?

கண்டிப்பாகப் பார்த்தால், வெவ்வேறு நிறமாலை கொண்ட இரண்டு பரப்புகள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரிவதுதான் மெட்டாமெரிசம். அச்சிடுகிறவர்கள் குறை சொல்வதோ விளக்கு மாறியதும் சாம்பல் நிறமடிப்பதை. தவறான பயன்பாட்டைத் தமிழிலும் ஏன் சுமக்க வேண்டும்? ‘விளக்குச்சாயல்’ என்பேன். ‘ஒளிசார் நிறப்பிறழ்வு’ சரியான சொல்தான், ஆனால் நாக்கில் ஏறாது.

மூன்றாவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், ‘வெளிறல்’ இருக்கிறது. ஒளியும் ஓசோனும் பட்டு, முக்கியமாகச் சாய மையில் (சாயம் கரைந்த மை) வருவது. (‘சாயமை’ என்று சேர்த்து எழுதாதீர்கள், ‘சாயாமை’ என்று படிக்கிறார்கள்.)

அப்புறம் தாள். பளபளப்பில்லாத மேட் தாளுக்குப் போனால் சாய்மினுக்கம் ஏறக்குறைய ஒழியும். ஆனால் கருமையும் குறையும்: நல்ல பளபளப்புத் தாளில் கருப்பின் அடர்த்தி (எண் கூடினால் கருமை கூடும்) 2.2ஐத் தாண்டும், மேட் தாளில் 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். அச்சில் எட்டும் இந்த அதிகபட்ச அடர்த்திக்கு, அதாவது டிமேக்ஸுக்கு, நீங்கள் தந்த ‘உச்சக்கருமை’ அருமை, மாற்றாதீர்கள். மேட் தாளை ‘மங்கல் தாள்’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பழுப்பேறிய பழைய தாள் போல ஒலிக்கிறது. அது மேட்டாகவே இருக்கட்டும்.

விளக்குச்சாயலில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.