வெயிட்டேஜ் 20-30-50 போட்டும் மொத்தம் தப்பா வருது, அவசரம்

எட்டாம்வகுப்பு_டீச்சர் | இரவு 8.40
எல்லாருக்கும் வணக்கம். ரிப்போர்ட் கார்டு சாஃப்ட்வேர்ல ஹோம்வொர்க் 20, கிளாஸ் டெஸ்ட் 30, டெர்ம் எக்ஸாம் 50னு வெயிட்டேஜ் போட்டிருக்கேன், கூட்டினா சரியா 100 வருது, சேவ் ஆயிடுச்சுன்னு பச்சைக் கலர்ல மெசேஜும் வந்துச்சு, ஆனா ஒரு பையனுக்கு 65.4 வரவேண்டிய இடத்துல 71.6னு காட்டுது. மூணு தடவை அழிச்சுட்டு திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். நாளைக்குக் காலைல ரிப்போர்ட் கார்டு குடுக்கணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நிரல்நேசன் | இரவு 8.47
என்ன சாஃப்ட்வேர் டீச்சர்? அந்தப் பையனோட மார்க் என்ன? ஒவ்வொண்ணுலயும் எத்தனை என்ட்ரி இருக்கு, எத்தனைக்கு எத்தனை? இதெல்லாம் இல்லாம எதை வச்சு சொல்றது.

பழைய_அட்மின் | இரவு 8.51
கேள்வி கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. சாஃப்ட்வேர் பேர் இல்ல, மார்க் இல்ல, செட்டிங்ஸ் பக்கத்தோட படம் இல்ல. இங்க மேல பின் பண்ணி வச்சிருக்கற பதிவை நான் எழுதினதே இதுக்குத்தான். அதைப் படிச்சுட்டு வந்திருந்தா இந்நேரம் பதில் கிடைச்சிருக்கும். பெரும்பாலும் வெயிட்டேஜ் போட்டவங்க தப்புதான், சாஃப்ட்வேர் தப்பு கிடையாது.

இரவுப்பறவை | இரவு 8.53
ரவுண்டிங் பிரச்சனையா இருக்கும். ஒவ்வொரு கேட்டகரியையும் தனியா ரவுண்டு பண்ணிட்டு அப்புறம் மொத்தத்தையும் ரவுண்டு பண்ணினா நம்பர் நகரும். 64.45ஐ முதல்ல 64.5 ஆக்கி, அதை மறுபடி 65 ஆக்கும். நேரா ரவுண்டு பண்ணா 64தான் வரணும். எனக்கு இதே மாதிரி ஆயிருக்கு.

நிரல்நேசன் | இரவு 8.56
அதுல அதிகபட்சம் ஒரு மார்க் நகரும். இங்க ஆறு மார்க்குக்கு மேல வித்தியாசம். ரவுண்டிங் இல்ல.

எட்டாம்வகுப்பு_டீச்சர் | இரவு 9.02
மன்னிக்கணும், அவசரத்துல போட்டுட்டேன். சாஃப்ட்வேர் எங்க ஸ்கூலுக்காக ஒருத்தர் செஞ்சு குடுத்தது, வெளிய யாருக்கும் தெரியாது, அதான் பேர் சொல்லல. ஹோம்வொர்க் 92, டெஸ்ட் 70, எக்ஸாம் 52. எல்லாமே சதவீதம். 92ல 20 சதவீதம் 18.4, 70ல 30 சதவீதம் 21, 52ல பாதி 26. கூட்டினா 65.4. நோட்டுல போட்டுப் பாத்தேன், கால்குலேட்டர்லயும் போட்டுப் பாத்தேன்.

கூட்டல்கழித்தல் | இரவு 9.06
கண்டுபுடிச்சாச்சு. 92, 70, 52 மூணையும் கூட்டினா 214, மூணால வகுத்தா 71.33. உங்க சாஃப்ட்வேர் வெயிட்டேஜைக் கண்டுக்காம மூணுக்கும் சமமா ஆவரேஜ் எடுக்குது. வெயிட்டேஜ் பக்கத்துல எங்கயாவது ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதை ஆன் பண்ணுங்க.

இரவுப்பறவை | இரவு 9.08
71.33க்கும் 71.6க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ரவுண்டிங். நான் சொன்னதும் சரிதான்.

நிரல்நேசன் | இரவு 9.11
71.33ஐ எப்படி ரவுண்டு பண்ணாலும் 71.3தான் ஆகும், 71.6 ஆகாது. கிட்டத்தட்ட ஒத்துப்போகுதுன்னு விட்டுடக் கூடாது, கணக்குன்னா அந்த தசம எண் வரைக்கும் அப்படியே வரணும். டீச்சர், இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எத்தனை ஹோம்வொர்க், ஒவ்வொண்ணும் எத்தனை மார்க்குக்கு? டெஸ்ட் எத்தனைக்கு?

எட்டாம்வகுப்பு_டீச்சர் | இரவு 9.19
ஹோம்வொர்க் 10, ஒவ்வொண்ணும் 10 மார்க். டெஸ்ட் ரெண்டு, 25 மார்க் வீதம். எக்ஸாம் 100க்கு. இதெல்லாம் எதுக்கு, வெயிட்டேஜ்தான் தனியா போட்டுட்டேனே?

நிரல்நேசன் | இரவு 9.27
அதுலதான் விஷயமே இருக்கு டீச்சர். ஹோம்வொர்க் 100க்கு 92, டெஸ்ட் 50க்கு 35, எக்ஸாம் 100க்கு 52. வாங்கின மார்க்கை மட்டும் கூட்டினா 179. மொத்த மார்க் 250. 179ஐ 250ஆல வகுத்தா 0.716. அப்படியே உங்க 71.6.

அதாவது சாஃப்ட்வேர் மொத்த மார்க் முறையில ஓடுது. வாங்கினதைக் கூட்டு, மொத்தத்தால வகு, அவ்ளோதான். நீங்க போட்ட 20-30-50 பக்கத்துல சும்மா உக்காந்திருக்கு. இந்த முறைல எதுக்கு எத்தனை மார்க் இருக்கோ அதுவே அதோட வெயிட்டேஜ் ஆயிடும். 250ல ஹோம்வொர்க் 100ங்கறதால அதுக்கு 40 சதவீதம், டெஸ்ட்டுக்கு 20, எக்ஸாமுக்கு 40. நீங்க ஹோம்வொர்க்குக்கு 20 போதும்னு நெனச்சீங்க, அது ரெண்டு மடங்கு எடுத்துக்கிச்சு. ஹோம்வொர்க் நல்லா செஞ்சு எக்ஸாம்ல சறுக்கின பிள்ளைங்களுக்கெல்லாம் மார்க் ஏறியிருக்கும், எக்ஸாம் நல்லா எழுதி ஹோம்வொர்க்ல கோட்டை விட்டவங்களுக்கு இறங்கியிருக்கும். ஒரு பையன் மட்டும் இல்ல, கிளாஸ் முழுக்கப் பாருங்க.

கேட்டகரி செட்டிங்ஸ்ல தேடாதீங்க, அதுக்கு ஒரு படி மேல, பாடத்தோட செட்டிங்ஸ்லயோ டெர்ம் செட்டிங்ஸ்லயோ "கணக்கிடும் முறை"ன்னு ஒரு டிராப்டவுன் இருக்கும். அங்க மொத்த மார்க்னு இருந்தா கேட்டகரி வெயிட்டேஜ்னு மாத்துங்க.

சாக்பீஸ் | இரவு 9.33
அருமையான விளக்கம் சார். நான் மூடில்ங்கற (Moodle) ஆன்லைன் வகுப்பு சாஃப்ட்வேர்ல இதே மாதிரி மாட்டினேன். அதுல ரெண்டு முறை பேர் ஒரே மாதிரி இருக்கும், "வெயிட்டட் மீன்" ஒண்ணு, "சிம்பிள் வெயிட்டட் மீன்" ஒண்ணு. ரெண்டாவதுல வெயிட்டட்னு பேர்ல இருந்தாலும் நாம வெயிட்டேஜ் போட இடமே கிடையாது, அந்த ஐட்டத்தோட அதிகபட்ச மார்க்கையே வெயிட்டேஜா எடுத்துக்கும். பேரைப் பாத்து எடுத்துட்டு ஒரு டெர்ம் முழுக்க தப்பா ஓட்டிட்டேன்.

பழைய_அட்மின் | இரவு 9.36
நானும் அதையேதான் சொல்ல வந்தேன். இது அடிப்படை. மார்க் வேற, சதவீதம் வேற. இதைக் கூடத் தெரிஞ்சுக்காம ரிப்போர்ட் கார்டுல கை வைக்கறாங்கங்கறதுதான் வருத்தம்.

அட்டவணை_அக்கா | இரவு 9.39
பழைய அட்மின் சார், நீங்க 8.51க்கு போட்டதுல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அந்த டீச்சர் நாளைக்குக் காலைல பெத்தவங்க முன்னாடி நிக்கணும். உதவி பண்ண முடிஞ்சா பண்ணுங்க, இல்லன்னா விடுங்க.

கூட்டல்கழித்தல் | இரவு 9.41
என் 71.33 தப்புதான். ஒத்துக்கறேன். நிரல்நேசன் சொன்னதுதான் சரி.

ஏழாம்பீரியட் | இரவு 9.48
இடைல வர்றதுக்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரி ஒரு சந்தேகம். எனக்கு கேட்டகரி வெயிட்டேஜ் எல்லாம் சரியாதான் வேலை செய்யுது, ஆனா டெஸ்ட் கேட்டகரிக்குள்ள இடிக்குது. ஒரு டெஸ்ட் 20க்கு 18, இன்னொண்ணு 50க்கு 25. முதல்ல 90, ரெண்டாவதுல 50, ஆவரேஜ் 70 வரணும். 61.43னு வருது.

நிரல்நேசன் | இரவு 9.54
அதே கதைதான், ஒரு படி கீழ. 18+25=43, மொத்தம் 70, வகுத்தா 61.43. கேட்டகரிக்கு உள்ள மொத்த மார்க் முறை ஓடுது. பல சாஃப்ட்வேர்ல கேட்டகரிகளுக்கு நடுவுல ஒரு முறையும், ஒரு கேட்டகரிக்குள்ள வேற முறையும் வச்சுக்கலாம், ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். ஆனா உங்களோடதை தப்புன்னு சொல்ல மாட்டேன். 50 மார்க் டெஸ்ட் பெரிய டெஸ்ட்டுன்னா அதுக்கு அதிக மதிப்பு போறது நியாயம்தான். ரெண்டும் சமம்னு நீங்க நெனச்சா மட்டும் மாத்துங்க.

எட்டாம்வகுப்பு_டீச்சர் | இரவு 10.05
டெர்ம் செட்டிங்ஸ்லதான் இருந்துச்சு சார்!! மாத்திட்டேன், இப்போ அந்தப் பையனுக்கு 65.4 வந்துடுச்சு. கோடி நன்றி. ஆனா இன்னொரு பொண்ணுக்கு ஹோம்வொர்க் 80, டெஸ்ட் 60, எக்ஸாமே எழுதல, அவளுக்கு 68னு காட்டுது. 16ம் 18ம் 34தானே வரணும்? இது எப்படி?

அட்டவணை_அக்கா | இரவு 10.11
எக்ஸாம் கட்டத்தை காலியா விட்டிருக்கீங்க, சரியா? காலியா இருந்தா அந்த கேட்டகரியையே சாஃப்ட்வேர் ஒதுக்கி வச்சுடும், மிச்சம் இருக்கற 20ஐயும் 30ஐயும் 100 ஆக்கிக்கும். 34ஐ 50ஆல வகுத்தா 68. டெர்ம் நடுவுல பாக்கறப்ப இது நல்லதுதான், எக்ஸாமே நடக்காதப்ப எல்லாருக்கும் 34, 35னு காட்டினா பிள்ளைங்க பயந்துடும். டெர்ம் முடிஞ்ச பிறகுதான் இது ஆபத்து.

ஜீரோ, காலி, விலக்கு இந்த மூணும் மூணு வேற விஷயம். ஜீரோ போட்டா 34 வரும். காலியா விட்டாலும் விலக்கு குடுத்தாலும் 68 வரும், ஆனா விலக்குன்னா அது நீங்க தெரிஞ்சே எடுத்த முடிவுன்னு பதிவாகும், காலின்னா மார்க் போட மறந்தீங்களான்னு யாருக்கும் தெரியாது.

கூட்டல்கழித்தல் | இரவு 10.15
எழுதலன்னா ஜீரோ. இதுல யோசிக்க என்ன இருக்கு. எக்ஸாம் எழுதி 52 வாங்கின பையனுக்கு 65.4, எக்ஸாம் பக்கமே வராத பொண்ணுக்கு 68. அந்தப் பையன் வந்து கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

சாக்பீஸ் | இரவு 10.22
ஏன் வரலன்னு யாராவது கேட்டீங்களா? காய்ச்சலா, வீட்டுல ஏதாவது துக்கமா, தெரியாது. ஜீரோங்கறது அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்ற மார்க். எழுதாதவளைப் பத்தி நமக்கு எதுவும் தெரியாது, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஜீரோ எவ்ளோ கனம்னு பாருங்க, 90, 90, 90னு மூணு டெஸ்ட் எழுதின பிள்ளைக்கு நாலாவது ஜீரோ விழுந்தா ஆவரேஜ் 67.5. மூணு தடவை நல்லா எழுதினதை ஒரு நாள் இழுத்துக் கீழ தள்ளிடுது.

கூட்டல்கழித்தல் | இரவு 10.26
அதுக்காக எழுதாததை மறைச்சு 68 குடுக்கறது நியாயமா? இப்படி விட்டா நாளைக்கு வீக்கா இருக்கற பசங்க எல்லாம் எக்ஸாம் அன்னைக்கு லீவ் போடுவாங்க. நான் பாத்திருக்கேன், இல்லாம சொல்லல.

சாக்பீஸ் | இரவு 10.30
68 குடுங்கன்னு நான் எங்க சொன்னேன். ஜீரோ போடாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.

இரவுப்பறவை | இரவு 10.31
எல்லாத்தையும் எக்செல்ல போட்டுக்கோங்க, இந்தத் தொல்லையே இருக்காது. சம்ப்ராடக்ட்னு ஒரு ஃபார்முலா, மார்க்கையும் வெயிட்டேஜையும் பெருக்கிக் கூட்டிடும், வேலை முடிஞ்சுது.

அட்டவணை_அக்கா | இரவு 10.38
எக்செல்லயும் இதே தொல்லைதான். ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தை எண்ணவே எண்ணாது, சம்ப்ராடக்ட் அதே காலிக் கட்டத்தை ஜீரோவா எடுத்துக்கும். ஒரே ஷீட்டுல ரெண்டையும் போட்டா ஒரே பொண்ணுக்கு ரெண்டு விதமா வரும், எச்சரிக்கையும் குடுக்காது.

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. 34ம் வேணாம், 68ம் வேணாம். அந்தப் பொண்ணுக்கு மொத்தமே போடாம "முழுமையடையல"ன்னு நிறுத்தி வைங்க, மறு எக்ஸாம் வச்ச பிறகு போடலாம். மறு எக்ஸாம் உண்டா இல்லையாங்கறதை ஸ்கூல்தான் முடிவு பண்ணணும், ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு டீச்சர் தனியா உக்காந்து முடிவு பண்ற விஷயம் இல்ல அது. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இப்பவே ஒரு மெசேஜ் போட்டு வைங்க டீச்சர்.

நிரல்நேசன் | இரவு 10.44
அக்கா சொல்றதுதான் சரி. டீச்சர், இன்னும் ஒரு விஷயம். முறையை மாத்தினது மார்க் என்ட்ரி பக்கத்துல உடனே தெரியும், ஆனா ஏற்கனவே உருவாக்கி வச்ச ரிப்போர்ட் கார்டுல பல சாஃப்ட்வேர்ல தெரியாது. அது அந்த நேரத்து மார்க்கை எடுத்து தனியா சேமிச்சு வச்சிருக்கும். பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி பிடிஎஃப்பைத் திறந்து அதே பையனோட பேர்ல 65.4 இருக்கான்னு கண்ணால பாருங்க. அப்புறம் ஹோம்வொர்க்ல நல்ல மார்க், எக்ஸாம்ல கம்மியா உள்ள ஒரு பிள்ளை, அதுக்கு நேர்மாறா ஒரு பிள்ளை, ரெண்டு பேருக்கும் கையால போட்டு ஒத்துப் பாருங்க. மூணுலயும் ஒரே மாதிரி மார்க் வாங்கற பிள்ளையை எடுக்காதீங்க, அவங்களுக்கு எந்த முறைல போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான் வரும், தப்பு இருந்தாலும் தெரியாது.

பழைய_அட்மின் | இரவு 10.52
இதையெல்லாம் தனி இழைல பேசுங்க. கேள்வி வெயிட்டேஜ் பத்தி, ஜீரோ பத்தி இல்ல.

சாக்பீஸ் | இரவு 10.55
சார், ஜீரோ போடறதா வேணாமாங்கறதும் வெயிட்டேஜ் கேள்விதான். 50 சதவீதம் அந்த ஒரு கட்டத்துலதான் இருக்கு.

ஏழாம்பீரியட் | இரவு 11.10
நான் ரெண்டு டெஸ்ட்டையும் சமமா மாத்திட்டேன், 70 வந்துடுச்சு. நன்றி.

அட்டவணை_அக்கா | காலை 6.20
எட்டாம்வகுப்பு டீச்சர், என்ன ஆச்சு? பிடிஎஃப் பாத்தீங்களா?

எட்டாம்வகுப்பு_டீச்சர் | மதியம் 1.35
பிடிஎஃப்ல பழைய 71.6தான் இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி உருவாக்கினேன், இப்ப சரி. ரெண்டு பிள்ளைங்களுக்கு கையாலயும் போட்டுப் பாத்தேன், ஒத்துப்போச்சு. அந்தப் பொண்ணு கார்டை நிறுத்தி வச்சாச்சு, திங்கக்கிழமை மறு எக்ஸாம். கிளாஸுக்குப் போகணும், அப்புறம் வர்றேன்.